பள்ளிக்கூடத்துக்கே வந்து ஃபிட்னஸ் டெஸ்ட் எடுக்குற சர்வீஸ்: ஒரு பி.டி. வாத்தியாரோட ரிவ்யூ (5-க்கு 2 ஸ்டார்)

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு உதவிபெறும் பள்ளிக்கூடத்துல 19 வருஷமா பி.டி. வாத்தியாரா இருக்கேன். போன மார்ச்ல எங்க தாளாளர் ஒரு கம்பெனிய கூட்டிட்டு வந்தாவ, பேரு வேணாம். பிள்ளைக்கு 150 ரூபா, ஒரே நாள்ல மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் டெஸ்ட் முடிச்சு கலர் ரிப்போர்ட் கார்டு குடுத்துருவோம்னு சொன்னாவ. இந்த வருஷமும் வாரோம்னு போன் பண்ணுதாவ, சுத்துப்பட்டு பள்ளிக்கூடங்கள்லயும் கேட்டுட்டு இருக்காவ போல, அதான் பணம் கட்டுறதுக்கு முன்னாடி நாலு பேரு படிக்கட்டும்னு எழுதுதேன்.

டெஸ்ட் ஒண்ணும் புதுசு இல்ல, 2019ல மத்திய அரசோட கேலோ இந்தியா ஆப்போட வந்த அதே செட்டுதான். மூணாங்கிளாஸ் வரைக்கும் பி.எம்.ஐ. (உசரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்குற கணக்கு), பிளேட் டாப்பிங் (ரெண்டு வட்டத்த ஒரு கையால மாறி மாறி வேகமாத் தட்டுறது), ஃபிளமிங்கோ பேலன்ஸ். நாலுல இருந்து பன்னெண்டு வரைக்கும் பி.எம்.ஐ., 50 மீட்டர், 600 மீட்டர், சிட் அண்ட் ரீச் (உக்காந்து கால நீட்டி, குனிஞ்சி விரல் எவ்வளவு தூரம் எட்டுதுன்னு பாக்குறது), 30 செகண்ட் கர்ல்-அப் (மல்லாந்து படுத்து தோளத் தூக்குறது), புஷ்-அப், பொம்பளப் பிள்ளைகளுக்கு முட்டி ஊனி புஷ்-அப். டெஸ்ட் மேல எனக்கு ஒரு குறையும் கிடையாது, நல்ல டெஸ்ட். எடுத்த விதம்தான் சரியில்ல.

நல்லத முதல்ல சொல்லிருதேன். வந்த பையங்க நல்ல பையங்க, பிள்ளைகள அதட்டல, தம்பி தங்கச்சின்னு கூப்பிட்டுத்தான் வேலை வாங்குனாவ. சின்னப் பிள்ளைகளுக்கு ஃபிளமிங்கோ ரொம்பப் பிடிச்சிப் போச்சு. அம்பது சென்டிமீட்டர் நீளக் கட்டை, அகலம் வெறும் மூணு சென்டிமீட்டர், அதுமேல ஒத்தக் கால்ல ஒரு நிமிஷம் நிக்கணும், எத்தன தடவ கால் கீழ படுதுன்னு எண்ணணும். ஃபிளமிங்கோன்னா நம்ம கூந்தன்குளத்துக்கு வாரதே பூநாரை, அதுதாம்லேன்னு நான் சொன்னதுல இருந்து ரெண்டாங்கிளாஸ் பூரா வராண்டால ஒத்தக் கால்லதான் நிக்கான். இன்னைக்கும் நிக்கான். இதுக்கு ஒரு ஸ்டார். சிட் அண்ட் ரீச் பெட்டிய ஒழுங்கா வச்சி, செருப்பக் கழட்டச் சொல்லி, முட்டி தூக்காம பிடிச்சி, விரல் நுனி ரெண்டு செகண்ட் நின்ன பெறவுதான் நம்பர் எழுதுனாவ. அதுக்கு இன்னொரு ஸ்டார்.

இனிமேதான் வருத்தமான சங்கதி.

டெஸ்ட் எடுத்த நேரம் மத்தியானம் ரெண்டு மணி. பங்குனி வெயிலு, பிள்ளைக சத்துணவு சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகல, அந்த வயித்தோட 600 மீட்டர் ஓட விட்டாவ, ரெண்டு பிள்ளை வேப்பமரத்தடில போயி வாந்தி எடுத்திச்சு. காலைல வச்சிக்கிடலாமேன்னு கேட்டேன், காலைல வேற பள்ளிக்கூடம் சார்னு சொன்னாவ.

அடுத்து அந்த 600 மீட்டரே 600 மீட்டர் இல்ல. எங்க கிரவுண்டுல டிராக் கிடையாது, கோன் வச்சி ஒரு ரவுண்டு 150, நாலு ரவுண்டுன்னு கணக்குப் போட்டாவ. காலடியாலதான் அளந்தாவ. மனசு கேக்காம சாயங்காலம் நானும் எங்க வாட்ச்மேன் அண்ணாச்சியும் டேப் பிடிச்சுப் பாத்தோம், ஒரு ரவுண்டு 138தான் வருது. நாலு ரவுண்டுக்கு 552. ரெண்டரை நிமிஷத்துல 600 ஓடுத பிள்ளைக்கு இந்த 48 மீட்டர் வித்தியாசத்துலயே 12 செகண்ட் குறைஞ்சிரும், ரிப்போர்ட்டுல பாத்தா பாதிப் பேருக்கு சூப்பர்னு பச்சைக் கலர். 50 மீட்டருக்கு விசில் சத்தத்தக் கேட்டு வாட்ச அமுக்குனாவ. சத்தம் 50 மீட்டர் தாண்டி வர ஏறக்குறைய 0.15 செகண்ட் ஆகும், அதனால ஸ்டார்ட்டர் கொடிய இறக்குததக் கண்ணால பாத்துத்தான் அமுக்கணும்னு பி.டி. வாத்தியார் ஆக பி.பி.எட். படிக்கும்போதே சொல்லிக் குடுப்பாவ. கட்டைவிரலால அமுக்குன வாட்ச்ச வச்சிக்கிட்டு ரிப்போர்ட்டுல 8.47னு ரெண்டு புள்ளி வரைக்கும் அடிச்சிருக்காவ. கை வாட்ச்னா 8.5தான் எழுதணும். கர்ல்-அப்பும் புஷ்-அப்பும் பிள்ளைகளையே ஜோடி ஜோடியா எண்ண விட்டாவ, கூட்டாளிக்கு யாரு குறைச்சு எண்ணுவா?

இதெல்லாம்கூட திருத்திக்கிடலாம். எனக்கு ஆறாதது பி.எம்.ஐ.தான்.

ஆறாங்கிளாஸ் பிள்ளை ஒண்ணு, 11 வயசு. 140 சென்டிமீட்டர், 31 கிலோ. ரிப்போர்ட்டுல செவப்புக் கலர்ல அண்டர்வெயிட்னு போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாவ. மறுநா காலைல பிரேயர் முடியுமுன்ன அவ அம்மா கேட்டுல நிக்காவ. "பீடித்தட்ட அப்படியே போட்டுட்டு ஓடியாந்தேன் சார், எம்பிள்ளைக்கு ஏதும் சீக்கா, நான் சோறு ஒழுங்காத்தான் போடுதேன் சார்"னு சொல்லும்போதே அவங்களுக்குக் கண்ணு நிறைஞ்சிட்டு. உக்கார வச்சி கணக்குப் போட்டுக் காமிச்சேன். உசரம் 1.4 மீட்டர், 1.4-ஐ 1.4-ஆல பெருக்குனா 1.96, எடை 31-ஐ அதால வகுத்தா 15.8, அதான் பி.எம்.ஐ. கம்பெனிக்காரங்க 18.5-க்குக் கீழன்னாலே செவப்புன்னு வச்சிருக்காவ, அது பெரியவங்களுக்கு உள்ள கோடு. 5ல இருந்து 19 வயசு வரைக்கும் உலக சுகாதார நிறுவனம் 2007ல தனி அட்டவணையே போட்டிருக்கு, வயசு பாக்கணும், ஆணா பொண்ணான்னு பாக்கணும். 11 வயசுப் பொம்பளப் பிள்ளைக்கு நடு அளவே 17 பக்கம்தான், 15.8 தாராளமா நார்மலுக்குள்ள வருது. அந்தம்மா போனாவ, ஆனா பிள்ளை ஒரு மாசம் பி.டி. பீரியட்ல ஓரமா உக்காந்தே இருந்தா, எனக்கு உடம்பு சரியில்லல்லா சார்னு சொல்லுதா. இப்படி எத்தன வீட்டுக்கு செவப்பு ரிப்போர்ட் போயிருக்கும்னு நெனச்சா இப்பவும் நெஞ்சு பதறுது.

எட்டாங்கிளாஸ்ல வலது கால் பலமில்லாத பையன் ஒருத்தன் இருக்கான். அவன் ரிப்போர்ட்டுல 50, 600 ரெண்டுக்கும் ஜீரோ. அவன் கைப்பிடி இரும்பு மாதிரி, கேரம்ல பன்னெண்டாங்கிளாஸ் பையங்கள ஜெயிக்கான். அவனுக்கு மாத்து டெஸ்ட் வைக்கத் தெரியலன்னா அந்தக் கட்டத்த காலியா விட்டிருக்கலாம், ஜீரோ போடக்கூடாது. கபடியும் அப்படித்தான். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்குன டீம்ல ஆடுன மணத்தி கணேசன் நம்ம சீமைக்காரர், இன்னைக்கும் ஊருக்கு ஊரு கபடி பாடிட்டு அலையுத பிள்ளைக இருக்கு. எதிராளி தோள் அசையுததப் பாத்தே விலகுத பையனோட கெட்டிக்காரத்தனம் இந்த ஆறு டெஸ்ட்ல எந்தக் கட்டத்துல வரும்? மேட்ச்ல வச்சிப் பாத்துத்தான் மார்க் போட முடியும், அதுக்குத் தினமும் கிரவுண்டுல நிக்கிற ஆளு வேணும்.

ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்ததும் நானே ஆரம்பிச்சேன். டவுன்ல ஆசாரி அண்ணாச்சிகிட்ட பிளைவுட்ல 30 சென்டிமீட்டர் உசரத்துல ஒரு பெட்டி அடிச்சி மேல ஸ்கேல் ஒட்டிக்கிட்டேன். லாங் சைஸ் நோட்டுல பிள்ளைக்கு ஒரு பக்கம். ஜூன், அக்டோபர், பிப்ரவரி மூணு தடவ, எல்லாம் காலைல முதல் பீரியட்ல, டேப் வச்சி அளந்த அதே வட்டத்துல. ஒரு நாளைக்கு ஒரு கிளாஸ், ஒரு டெஸ்ட், அவ்வளவுதான், அவசரமே இல்ல. பக்கத்துப் பிள்ளை நம்பர யாருக்கும் காமிக்க மாட்டேன், போன தடவ நீ இவ்வளவு, இந்தத் தடவ இவ்வளவுன்னு அவங்க பக்கத்த மட்டும் காமிப்பேன். அந்த செவப்பு ரிப்போர்ட் பிள்ளை ஜூன் சாரல்ல 600 மீட்டர 3 நிமிஷம் 22 செகண்ட்ல நடந்தும் ஓடியும் முடிச்சா, பிப்ரவரில 2 நிமிஷம் 54 செகண்ட். நோட்ட என் கையில இருந்து வாங்கி அவளே எழுதிக்கிட்டா.

ஒருவேளை உங்க பள்ளிக்கூடத்துல கம்பெனிய கூப்பிட்டுத்தான் ஆகணும்னா, பி.எம்.ஐ.க்கு எந்த அட்டவணைன்னு எழுதி வாங்கிக்கிடுங்க, கிரவுண்ட உங்க டேப்பாலயே அளங்க, காலை பத்து மணிக்கு மேல ஓட விடாதீங்க, ரிப்போர்ட்டு முதல்ல உங்க கைக்கு வந்த பெறவுதான் வீட்டுக்குப் போகணும்.

எங்க தாளாளர்கிட்ட இந்த வருஷம் அந்தக் கம்பெனி வேணாம்னு சொல்லிட்டேன். அந்தப் பணத்துல 50 மீட்டர் டேப் ஒண்ணு, ஸ்டாப்வாட்ச் மூணு, மேட் ஆறு வாங்கித் தாங்கன்னு லெட்டர் எழுதிக் குடுத்திருக்கேன், பாக்கேன்னு சொல்லியிருக்காவ.