பத்து லட்சம் மணி நேரம், 26 ஹார்டு டிஸ்க், நாலு சாவு

மதுரையில் கல்யாண போட்டோ, வீடியோ எடுக்கிற சின்ன ஸ்டுடியோ எங்களுடையது. ரெண்டு கேமரா ஓடினால் ஒரு முகூர்த்தத்துக்கு 300 ஜிபிக்குக் குறையாமல் சேரும். ஆல்பமும் பென் டிரைவும் கொடுத்து முடித்த பிறகும் ரஷ்ஷை, அதாவது வெட்டாத மூலப் பதிவை, அழிக்க மனசு வராது. ஆறு வருஷம் கழித்து ஒருவர் வந்து, "அண்ணே, அப்பத்தா தவறிட்டாங்க, அவங்க வர்ற இடமா மட்டும் வெட்டிக் குடுங்க" என்பார். அதனால் எல்லாம் ஹார்டு டிஸ்கில் கிடக்கிறது. 2014-லிருந்து 26 டிஸ்க் வாங்கியாயிற்று. எதை வாங்குவது, எதை எப்போது கழற்றுவது என்பதற்கு இத்தனை வருஷமும் பழுது விகிதக் கணக்கைத்தான் துணைக்கு வைத்திருக்கிறேன். இங்கே எழுதப்போவது அந்தக் கணக்கோடு குடித்தனம் நடத்திய அனுபவம். எந்த பிராண்டு நல்லது என்று தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும்.

ஆரம்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரே எண், கம்பெனி விவரத்தாளில் போட்டிருக்கும் எம்டிபிஎஃப், அதாவது ஒரு பழுதுக்கும் அடுத்த பழுதுக்கும் இடையிலான சராசரி நேரம். 10 லட்சம் மணி நேரம் என்று இருந்தது. வகுத்துப் பார்த்தால் 114 வருஷம். பேரன் பேத்தி கல்யாணத்தையும் இதிலேயே போட்டுவிடலாம் போலிருக்கிறதே என்று நினைத்தேன். விஷயம் அது இல்லை. ஆயிரம் டிஸ்கை ஆயிரம் மணி நேரம் ஓடவிட்டால் அதில் ஒன்று போகும் என்பதுதான் அந்த எண்ணின் அர்த்தம். ஒரு தனி டிஸ்க் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதைப் பற்றி அதற்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது. வருஷக் கணக்கில் சொன்னால் ஆண்டுக்கு 0.88 சதவீதம் போகும். அதுவும் கம்பெனி வாக்கு. 2007-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் சுமார் ஒரு லட்சம் டிஸ்குகள் மாற்றப்பட்ட கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். 2 முதல் 4 சதவீதம் என்பது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 வரைக்கும் போயிருந்தது.

அப்புறம்தான் பேக்பிளேஸ் பட்டியல் கண்ணில் பட்டது. கலிபோர்னியாவில் இருக்கும் இந்தச் சேமிப்பு நிறுவனம் 2013-லிருந்து தன்னுடைய ஒவ்வொரு டிஸ்கின் தினசரி நிலையையும் பதிவு செய்து, எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. இப்போது மூன்று லட்சம் டிஸ்குக்கு மேல் ஓட்டுகிறார்கள். கணக்கும் எளிது. ஒரு மாடலின் எல்லா டிஸ்கும் சேர்ந்து ஓடிய நாட்களை 365-ஆல் வகுத்தால் டிஸ்க்-வருஷம் கிடைக்கும். செத்த எண்ணிக்கையை அதனால் வகுத்து நூறால் பெருக்கினால் ஆண்டுப் பழுது விகிதம். ஒட்டுமொத்தமாக 2021-ல் 1.01 சதவீதம், 2022-ல் 1.37, 2023-ல் 1.70, 2024-ல் 1.57. மாடல் வாரியாகப் பிரித்தால் சில மாடல்கள் அரை சதவீதத்துக்கும் கீழே நிற்கும், சில பயமுறுத்தும்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, 2015-ல் மிகக் குறைந்த விகிதம் காட்டிய மாடலாகப் பார்த்து இரண்டு வாங்கினேன். கடைக்காரர் வேறு ஒன்றைத் தள்ளிவிடப் பார்த்தார், நான் அசையவில்லை. அதில் ஒன்று பதினாலே மாதத்தில், ஒரு எச்சரிக்கையும் இல்லாமல், வைகாசி முகூர்த்தம் நடுவில் செத்தது. அதற்கு முந்தின வருஷம், பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால், விலை மலிவு என்று வாங்கிய ஒரு 3 டிபி டிஸ்க் இருந்தது. பட்டியலில் பெயர் கெட்டுப்போன மாடல் அது. அந்தத் தறுதலை இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது, 81,000 மணி நேரம் தாண்டி.

அப்போது பட்டியல் மேல் வந்த கோபம் அநியாயமானது என்று பிறகுதான் புரிந்தது. ஒரு சதவீதம் என்றால் நூறில் ஒன்று யாருக்கோ போகத்தானே வேண்டும்? அந்த யாரோ நானாக இருந்துவிட்டேன், அவ்வளவுதான்.

இரண்டாவது அடிதான் உண்மையான பாடம் எடுத்தது. ஒரே கடையில், ஒரே நாளில், அடுத்தடுத்த சீரியல் எண்ணில் நாலு டிஸ்க் வாங்கி நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) நாலையும் ஒன்றாகக் கோக்கும் ரெய்டு 5 போட்டிருந்தேன். ஒன்று போனால் தாங்கும், ரெண்டு போனால் எல்லாம் போகும். பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு டிஸ்க் ஒரு வருஷத்தில் போக 1.5 சதவீதம், குறிப்பிட்ட ரெண்டு டிஸ்கும் ஒரே வருஷத்தில் போக 1.5-ஐ 1.5 சதவீதத்தால் பெருக்கினால் பத்தாயிரத்தில் ரெண்டு சொச்சம். நிம்மதியாகத் தூங்கினேன். 2019-ல் ஒன்று போனது. மாற்று டிஸ்க் கூரியரில் வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. போட்டு ரீபில்டு (போன டிஸ்கில் இருந்ததைப் புது டிஸ்கில் மறுபடி எழுதுவது) ஓடத் தொடங்கிய ராத்திரி, மிச்சமிருந்த மூன்றும் முழு வேகத்தில் படிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போது, இன்னொன்று போனது. ஒன்பது நாள் இடைவெளி. என் பெருக்கல், ஒன்றின் சாவுக்கும் மற்றதன் சாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொண்ட பெருக்கல். ஒரே வார்ப்பில் பிறந்து, ஒரே பெட்டியின் அதிர்விலும் சூட்டிலும் ஓடி, ஒரே கரண்ட் கட்டுகளைப் பார்த்த டிஸ்குகளுக்கு அது எப்படிப் பொருந்தும்? விருதுநகரில் தம்பி வீட்டு பீரோவில் ஒரு பிரதி இருந்ததால் ஸ்டுடியோவுக்குப் பூட்டுப் போட வேண்டி வரவில்லை. அன்றிலிருந்து ஒரு பெட்டிக்கான டிஸ்குகளை ரெண்டு மூன்று கடையில், மாத இடைவெளி விட்டுத்தான் வாங்குகிறேன்.

தனி டிஸ்கைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால், டிஸ்க் தன் உடம்பு நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் எண்களிடம் போக வேண்டும். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து 5, 187, 188, 197, 198 என்ற வரிசை எண் கொண்ட ஐந்து பிழைக் கணக்குகளை மட்டும் நோட்டில் எழுதி வைப்பேன். பேக்பிளேஸும் இந்த ஐந்தைத்தான் கவனிக்கிறது. அவர்கள் 2016-ல் சொன்ன கணக்குப்படி, செத்த டிஸ்குகளில் 76.7 சதவீதத்தில் இந்த ஐந்தில் ஒன்றாவது பூஜ்யத்தைத் தாண்டியிருந்தது. நன்றாக ஓடும் டிஸ்குகளில் 4.2 சதவீதத்தில்தான் அப்படி. நல்ல சல்லடைதான். ஆனால் நாலில் ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் போகும் என்பதும் அதே கணக்குதான். வைகாசியில் போன என் டிஸ்க் அந்த ரகம், ஐந்தும் பூஜ்யம். 2023-ல் ஒன்று மட்டும் முறையாகச் சொல்லிவிட்டுப் போனது: படிக்கச் சிரமப்படும் இடங்களை எண்ணும் 197-ல் முதலில் 8, அடுத்த மாதம் 40. சாகும் முன்பே காப்பி எடுத்துக் கழற்றிவிட்டேன். இதைச் சாவுக் கணக்கில் சேர்ப்பதா? பேக்பிளேஸ் சேர்க்கிறது, நானும் சேர்த்தேன். எடிட்டிங் தம்பி மேஜையிலிருந்து தள்ளிவிட்டதைச் சேர்க்கவில்லை. அது டிஸ்கின் குற்றம் இல்லை.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2007-ல் கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைப் பார்த்துவிட்டு, சூட்டுக்கும் பழுதுக்கும் எதிர்பார்த்த அளவு சம்பந்தம் இல்லை என்றார்கள். சித்திரையில் ஏசி ஓடாத மதுரை அறைக்கு அந்த ஆறுதல் செல்லுமா? ரொம்ப அதிகச் சூட்டிலும், மூன்று வயது தாண்டிய டிஸ்கிலும் பாதிப்பு தெரிந்தது என்று அதே ஆய்விலேயே இருக்கிறது. எங்கோ குளிரூட்டிய டேட்டா சென்டரில் எடுத்த விகிதத்தை அப்படியே தூக்கி வந்து இங்கே ஒட்ட முடியாது என்பதுதான் இந்தப் பட்டியல்களின் மீது எனக்குள்ள பெரிய குறை. அடுத்த குறை, தாமதம். ஒரு மாடலைப் பற்றி நம்பத்தக்க விகிதம் வர மூன்று நாலு வருஷம் ஆகும். அதற்குள் அந்த மாடல் கடையில் இருக்காது.

சரி, என் சொந்த விகிதம் என்ன? போன மாதம் எல்லா டிஸ்கின் ஓடிய நேரத்தையும் எக்செலில் கூட்டினேன். 10 லட்சம் மணி நேரத்தைத் தொட்டிருந்தது. விவரத்தாளில் பார்த்து மயங்கிய அதே எண். கம்பெனிக் கணக்குப்படி ஒன்று போயிருக்க வேண்டும், போனது நாலு. ஆண்டுக்கு 3.5 சதவீதம். உடனே சண்டைக்குப் போகலாம் என்று தோன்றும். ஆனால் நாலு என்பது ரொம்பச் சின்ன எண். இவ்வளவு கொஞ்சம் தரவை வைத்து உண்மையான விகிதம் எங்கே இருக்கலாம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு பார்த்தால், ஏறக்குறைய ஒன்றிலிருந்து ஒன்பது சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். பதினோரு வருஷம் நோட்டு எழுதி நான் கண்டுபிடித்தது இந்த அகலம்தான். "இந்த பிராண்டு மோசம்ணே, என்னோடது ரெண்டு போச்சு" என்று சக போட்டோகிராபர்கள் சொல்லும்போது இப்போதெல்லாம் தலையை மட்டும் ஆட்டுகிறேன்.

அப்படியென்றால் எதற்கு இந்தக் கணக்கு என்று என் மனைவி கேட்டாள். பட்ஜெட் போட. எங்களிடம் எப்போதும் 12 டிஸ்க் ஓடுகிறது. பேக்பிளேஸின் 1.5 சதவீதத்தையே எடுத்துக்கொண்டாலும் ஒரு வருஷத்தில் ஒன்றாவது போக ஆறில் ஒரு வாய்ப்பு. ஐந்து வருஷத்தில் 60 சதவீதம். என் 3.5-ஐப் போட்டால் 88. எது போகும் என்று தெரியாது, ஒன்று போகும் என்று தெரியும். அதனால் பிரிக்காத டிஸ்க் ஒன்று எப்போதும் அலமாரியில் இருக்கும். கூரியருக்காக ஒரு வாரம் காத்திருந்த தப்பை மறுபடி செய்ய மாட்டேன். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி, அதில் ஒன்று விருதுநகரில். ஐந்து வயதான டிஸ்க் ஸ்மார்ட்டில் சுத்தமாக இருந்தாலும் முதல் பிரதிக்கு இல்லை.

அந்த 3 டிபி தறுதலையைக் கழற்ற இன்னும் மனசு வரவில்லை. ஆனால் அதில் இப்போது கல்யாணம் எதுவும் இல்லை. எடிட்டிங்குக்குப் பின்னணியில் போடும் நாதஸ்வரமும், எடிட்டிங் தம்பி இறக்கி வைத்திருக்கும் படங்களும்தான்.