மஞ்சளாகித் தொங்கும் நாற்றுக்கு பாட்டில் பாட்டிலாக மருந்து விற்கும் கடை: உஷாராக இருங்கள்

ஃபிளாட்டில் அறைக்குள்ளேயே எல்இடி விளக்கு மாட்டி மிளகாய், தக்காளி நாற்று விடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) வாங்குங்கள். சென்னையில் மாடித்தோட்டப் பொருட்கள் விற்கும் ஒரு கடையில் 5 கிலோ கட்டி வாங்கினேன். "நன்கு கழுவியது, லோ இ.சி." (இ.சி. என்பது மின்கடத்துதிறன், அது குறைவு என்றால் உப்பு குறைவு) என்று பெரிய ஸ்டிக்கர், அதற்காகவே மற்ற கட்டிகளைவிட விலையும் கூடுதல்.

முளைப்பில் குறையே இல்லை. நிஜ இலைகள் வர ஆரம்பித்ததும்தான் வினை. கீழ் இலைகள் மஞ்சளாகி, ஓரமெல்லாம் பழுப்பாகக் கருகி, பிறகு நாற்று மொத்தமும் துவண்டு தொங்கியது, அதுவும் குழித்தட்டு ஈரமாக இருக்கும்போதே.

கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். உடனே பதில்: "நைட்ரஜன் பத்தல சார், 19:19:19 கலந்து ஊத்துங்க." தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் இருக்கும் அந்த உரத்தை வாங்கி ஊற்றினேன், இன்னும் மோசமானது. "அப்போ மெக்னீசியம் குறைபாடு சார்" என்று எப்சம் உப்பு கொடுத்தார். அதற்கும் கேட்கவில்லை என்றதும் "குரோத் பூஸ்டர்" என்று ஒரு பாட்டில். அதில் என்ன இருக்கிறது, யார் தயாரித்தது, எந்த மாதம், எதுவுமே அச்சிடவில்லை. என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள், வேர் எப்படி இருக்கிறது என்று ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். படத்தைப் பார்த்தே நோயைச் சொல்கிறார், சொன்ன ஒவ்வொரு நோய்க்கும் அவர் அலமாரியில் ஒரு சரக்கு இருக்கிறது.

கடைசியில் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி நானே பார்த்தேன். மீதமிருந்த கட்டியில் கொஞ்சம் உடைத்து, 60 காட்டிய ஆர்.ஓ. தண்ணீரில் ஊறவைத்து, கையால் பிழிந்த சாற்றில் மீட்டரை வைத்தால் 1,700-க்கு மேல் காட்டுகிறது. உரம் எதுவும் படாத புதுக் கட்டி அது! ஒழுங்காகக் கழுவிய கோகோபீட் என்றால் இதில் பாதிகூட வரக்கூடாது, நாற்றுக்கு அதற்கும் கீழே இருந்தால்தான் நல்லது.

தேங்காய் மட்டையிலேயே பொட்டாசியமும் குளோரைடும் நிறைய உண்டு, உவர்நீரில் ஊறிய மட்டை என்றால் சோடியமும் சேரும். இந்த உப்பு வேரைச் சுற்றி இருந்தால் ஈரம் இருந்தும் வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, செடி வாடும். அதன்மேல் 19:19:19 ஊற்றுவது உப்பின்மேல் உப்பைக் கொட்டுவதுதான். வெறும் தண்ணீரில் அலசினால் தனியாகக் கிடக்கும் உப்பு போய்விடும், ஆனால் நாரில் ஒட்டியிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் போகாது. அதற்குக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஓர் இரவு ஊறவைத்து மறுபடி அலச வேண்டும். "கழுவியது" என்று கூடுதல் காசு வாங்குகிறவர் இதில் பாதியாவது செய்திருக்க வேண்டாமா?

நாற்று மஞ்சளானால் முதலில் குழியிலிருந்து ஒன்றை மெதுவாக எடுத்து வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகி, வழுவழுவென்று, நாற்றமடித்தால் தண்ணீர் அதிகமாகி அழுகியிருக்கிறது, அதற்கு எந்த உரமும் உதவாது, காயவிட வேண்டும். முளைக்கும்போதே வந்து அடியில் இருக்கும் வித்திலை இரண்டும் மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் அது இயல்பு, அதற்காக யாரும் எதையும் விற்க விடாதீர்கள். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்கவில்லை, தண்ணீரின் காரத்தன்மையைச் சோதியுங்கள். முற்றிய இலையில் அதே கோலம் என்றால்தான் மெக்னீசியத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். ஓரம் கருகி, ஈரத்திலேயே வாடினால் உப்பு. என் நாற்று மஞ்சளாகத் தொடங்கியதிலிருந்தே அதுதான் இருந்தது, நான் அனுப்பிய படத்திலும் அது தெளிவாகவே தெரிந்தது.

மீட்டர் காட்டிய எண்ணைப் படம் எடுத்து அனுப்பியதும் "எங்க லோடு எல்லாம் அப்படித்தான் சார் வரும், நீங்கதான் அலசிக்கணும்" என்றார். அப்படியென்றால் அந்த ஸ்டிக்கர் எதற்கு? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு கட்டிக்கான பணம் மட்டும் திரும்பியது. பாட்டிலுக்கு "திறந்துட்டீங்களே" என்று கையை விரித்துவிட்டார். அந்த உதவி எண்ணில் தமிழில்கூடப் பேசலாம், பில்லும் வாட்ஸ்அப் உரையாடலும் கையில் இருந்தால் போதும், எனவே இரண்டையும் அழித்துவிடாதீர்கள்.

அதே ஸ்டிக்கரோடு அதே கட்டி போன வாரமும் அங்கே அடுக்கியிருந்தது. வாங்கப் போகிறவர்கள் இ.சி. எவ்வளவு என்று எண்ணாகக் கேளுங்கள், அந்த எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.