உண்ணி பார்க்கிற வீடா, ஏசிக் கூடமா, ஆற்றங்கரைத் தோப்பா?

முதல் நாள் வாசலிலேயே எங்களைத் திருப்பி அனுப்பிய ஒரு வீட்டில்தான் ஐந்து மாதமாக எங்கள் நாய்க்குட்டி மிளகு பகல் நேரத்தைக் கழிக்கிறாள். அதற்கு முன்னால் இரண்டு இடங்களில் விட்டுப் பார்த்துவிட்டோம். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

மிளகு கோவில்பட்டிப் பக்கத்துக் கன்னி வகை வேட்டை நாய். கறுப்பு உடம்பு, கன்னத்திலும் காலிலும் பழுப்பு. இரண்டு மாதக் குட்டியாக வந்தவளை அம்மாதான் பார்த்துக்கொண்டார்கள். தங்கையின் பிரசவத்துக்காக அம்மா தென்காசிக்குப் போனதும் சிக்கல் ஆரம்பித்தது. நானும் என் மனைவியும் காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் திரும்ப ஆறு மணி ஆகும். பாளையங்கோட்டையில் நாங்கள் இருப்பது பல குடித்தனங்கள் சேர்ந்திருக்கிற ஒரு வளவு. மூன்றாம் நாளே எதிர் வீட்டு ஆச்சி, “காலையில இருந்து ஊளை விட்டுட்டே கிடக்கு தம்பி, குடியிருக்க வீட்டுக்கு ஆகாது பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டார்கள். ஆகுமோ ஆகாதோ, ஐந்து மாதக் குட்டியை ஒன்பது மணி நேரம் தனியாகப் பூட்டி வைப்பது சரியில்லை என்பது எங்களுக்கே தெரிந்திருந்தது.

பகலில் விட இடம் தேடியபோது நாய் மருத்துவமனையோடு சேர்ந்த கூண்டு வசதியும் ஒன்று இருந்தது. நோயாளி நாய்கள் வந்து போகிற கட்டடத்தில் நல்ல குட்டியைத் தினமும் விடுவதற்கு மனது ஒப்பவில்லை. அதை அப்போதே தள்ளிவிட்டோம். மிச்சம் மூன்று.

முதலாவது, கருப்பந்துறைப் பக்கம் ஆற்றங்கரையில் சொந்தக்காரர் ஒருவரின் தென்னந்தோப்பு. அங்கே குடியிருந்து தோப்பைப் பார்த்துக்கொள்கிறவர் ஏற்கெனவே இரண்டு மூன்று நாய்களைப் பகலில் பார்த்துக்கொண்டிருந்தார். மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். இரண்டாவது, பைபாஸ் ரோட்டுப் பக்கம் புதிதாகத் திறந்த டே கேர். ஏசி, போனிலேயே பார்க்கக் கேமரா, விளையாட்டுச் சாமான், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு நானூறு. மூன்றாவது, பெருமாள்புரத்தில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் ஒருவரும் அவர் மனைவியும் ஐந்து நாய்களுக்கு மேல் எடுப்பதில்லை. நாளைக்கு இருநூற்றைம்பது, சாப்பாடு நாம் கொடுத்துவிட வேண்டும்.

தூரம், காசு, நேரம் இதையெல்லாம் அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சுத்தமாக இருக்கிறதா, தண்ணீர் வைக்கிறார்களா என்பதெல்லாம் எட்டிப் பார்த்தாலே தெரியும்.

எங்களுக்கு முதலில் பிடித்தது தோப்புதான். கன்னி ஓடப் பிறந்த ஜாதி. முயலை விரட்டிய பரம்பரையை இரண்டு படுக்கையறை வீட்டில் கட்டிப் போட்டிருக்கிறோமே என்ற குற்ற உணர்வு எனக்கு எப்போதும் உண்டு. தென்னை வரிசைக்கு நடுவே அவள் முதல் தடவை காலை நீட்டி ஓடியதைப் பார்த்து அங்கேயே முடிவு செய்துவிட்டேன். மோட்டார் ரூம் சுவரில் ஆள் உயரத்துக்கு வெள்ளக் கோடு ஒன்று தெரிந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதி மழையில் தாமிரபரணி பொங்கி, ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீரில் நின்றபோது விழுந்த கோடு. கார்த்திகை, மார்கழியில் மட்டும் வேறு ஏற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மழைக்காலம் வரை போகத் தேவையிருக்கவில்லை. மூன்றாவது வாரம் மிளகு சோற்றைத் தொடவில்லை. கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள். ஈறு வெளிறிப் போயிருந்தது. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தத் தட்டணுக்கள் நன்றாகக் குறைந்திருந்தன. உண்ணி கடிக்கும்போது ஏறுகிற கிருமியால் வரும் உண்ணிக் காய்ச்சல். இருபத்தெட்டு நாள் டாக்சிசைக்ளின் மாத்திரை.

தோப்பில் மாட்டுத் தொழு இருந்ததால் நான் மாட்டின் மேல் பழியைப் போட்டேன். மருத்துவர் திருத்தினார். மாட்டு உண்ணி வேறு, நாய் உண்ணி வேறு. நாயைப் பிடிக்கிற பழுப்பு உண்ணிக்கு மாடு தேவையில்லை, காடு தேவையில்லை, புல்லுகூடத் தேவையில்லை. நாயும் ஒரு வெடித்த சுவரும் இருந்தால் போதும், குடும்பம் நடத்திவிடும். குஞ்சாக ஒரு தடவை, வளர்ந்து ஒரு தடவை, முழு உண்ணியாக ஒரு தடவை என்று மூன்று முறை நாயின் மேல் ஏறி ரத்தம் குடிக்கும். ஒவ்வொரு முறையும் குடித்து முடித்ததும் கீழே விழுந்து சுவர் இடுக்கிலோ கதவு நிலையிலோ போய் ஒளிந்துகொள்ளும். பெண் உண்ணி அங்கேயே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயே வராவிட்டாலும் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும். தோப்பில் மோட்டார் ரூம் செங்கல் சுவரில் பூச்சு உதிர்ந்திருந்தது. அதை ஒட்டிச் சாக்கு விரித்துத்தான் எல்லா நாயும் மதியம் படுக்கும். ராத்திரியில் அதே சாக்கில் ஊர் நாய்களும் வந்து படுக்கும். அந்தச் சுவரை நான் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன், வெள்ளக் கோட்டைப் பார்த்தேனே தவிர வெடிப்பைப் பார்க்கவில்லை.

இந்த விஷயத்தில் என்னை இன்னமும் உறுத்துவது நாள் கணக்குதான். உண்ணி கடித்த அன்றைக்கே காய்ச்சல் வராது. எட்டு நாளிலிருந்து இருபது நாள் வரை ஆகும். அதற்குள் நாய் எங்கெங்கோ போய் வந்திருக்கும். யாரிடம் போய்க் கேட்பது? தோப்புக்காரரிடம் சொன்னேன். “நம்ம கிட்ட வாரதுக்கு முன்னாலேயே இருந்திருக்கும் தம்பி” என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அவருக்கும் தெரியாது. நாய் கடித்துக்கொண்டால் காயம் தெரியும், கெட்டுப்போன சாப்பாடு என்றால் அன்று ராத்திரியே தெரிந்துவிடும். இது தெரியும்போது காலம் கடந்திருக்கும். அதனால் நாயை விடுவதற்கு முன்னால் சுவரையும் தரையையும் படுக்கையையும் பார்த்தால்தான் உண்டு.

உண்ணியைக் கொல்ல மாத்திரை இருக்கிறதே என்று கேட்பீர்கள். நெக்ஸ்கார்ட், பிரேவெக்டோ மாதிரி மாத்திரைகள் நல்லவைதான், நாங்களும் இப்போது கொடுக்கிறோம். ஆனால் அந்த மருந்து நாயின் ரத்தத்தில்தான் இருக்கிறது. உண்ணி கடித்து ரத்தத்தை உறிஞ்சிய பிறகுதான் சாகும். கிருமியோ, கடித்த சில மணி நேரத்திலேயே உள்ளே ஏறிவிடக்கூடியது. மாத்திரை போட்ட நாய்க்கும் உண்ணி இல்லாத இடம் வேண்டும்.

மாத்திரைக் காலம் முடிந்து உடம்பு தேறியதும், சூடு கண்ட பூனையாக, பளபளவென்று இருக்கிற இடமே மேல் என்று பைபாஸ் டே கேரில் சேர்த்தோம். பத்து நாள். பையன்கள் அன்பானவர்கள், குறை சொல்ல மாட்டேன். சித்திரை, வைகாசி வெயிலில் ஏசி சின்ன விஷயமும் இல்லை. ஆனால் ஒரு தடவை பட்டவனின் கண்ணோடு பார்த்தபோது அந்தக் கூடம் வேறு மாதிரி தெரிந்தது. தரை முழுக்கப் பிளாஸ்டிக் புல் விரிப்பு. சுவரில் அழகுக்கு மரப்பலகை அடித்திருந்தார்கள். மூலையில் துணி சோபா. உண்ணிக்கு இதைவிட நல்ல சத்திரம் கட்ட முடியாது. விரிப்பைத் தூக்கிக் காட்டச் சொன்னேன், ஒட்டியிருப்பதாகச் சொன்னார்கள். தடுப்பூசி அட்டையைக் கேட்கவே இல்லை. “எல்லா ஊசியும் போட்டாச்சா சார்?” என்று கேட்டு, நான் தலையாட்டியதை எழுதிக்கொண்டார்கள். ஒரு நாளில் பதினெட்டு நாய் வரை எண்ணினேன், பார்க்க இரண்டு பேர். கேமரா முன் கூடத்தை மட்டும் காட்டியது.

இன்னொன்று, வாசலுக்கு ஒரே கண்ணாடிக் கதவு. யாராவது திறந்தால் எதிரே பைபாஸ். கன்னி, சிப்பிப்பாறை மாதிரி நாய்களுக்குக் கழுத்தைவிடத் தலை சிறுத்திருக்கும். சாதாரணப் பட்டையைப் பின்னால் இழுத்து ஒரே நொடியில் உருவிக்கொண்டு போய்விடும். இழுத்தால் இறுகுகிற பட்டை வாங்கிக் கொடுத்தேன். சிக்கலாக இருக்கிறதென்று அவர்கள் அதைக் கழற்றி வைத்துவிட்டார்கள். பத்தாம் நாளோடு நிறுத்திக்கொண்டோம். அங்கே மிளகுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, பெருமாள்புரம் வீடு. கேட்டைத் தாண்டினால் இன்னொரு கம்பிக் கதவு. முதலாவதைச் சாத்தின பிறகுதான் இரண்டாவது திறக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சிமெண்டுத் திண்டு. ஆய்வாளரின் மனைவி, அந்த அக்கா, மிளகைத் திண்டில் நிறுத்தி, காதைத் திருப்பினார்கள், விரல் இடுக்கைப் பிரித்தார்கள், பட்டைக்கு அடியில், வால் அடியில், தொடை இடுக்கில் தடவினார்கள். வலது முன்னங்கால் விரலுக்கு நடுவே குறுமிளகைவிடச் சின்னதாக ஓர் உண்ணி. “இன்னைக்கு வேண்டாம் தம்பி. எடுத்துட்டு நாளைக்குக் கூட்டிட்டு வாங்க” என்றார்கள். எனக்கு ஆபீஸ் கிளம்ப வேண்டிய அவசரம். “அக்கா, ஒண்ணே ஒண்ணுதானே” என்றேன். “ஒண்ணு போதும்லா” என்று பதில் வந்தது. அரை நாள் லீவு போட்டேன்.

மறுநாள் தடுப்பூசி அட்டையை வாங்கி ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார்கள். குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சல் தருகிற பார்வோ நோய்க்கான கடைசி ஊசி நான்கு மாதம் நிறைந்த பிறகு விழுந்திருக்கிறதா, வெறிநாய்க்கடி ஊசி, எலிக்காய்ச்சல் ஊசி எல்லாம் இருக்கிறதா என்று. பார்வோ கிருமி பினாயிலுக்குச் சாகாது என்பதால் தரைக்கு பிளீச்சிங் கரைசல். சுவரில் நெஞ்சு உயரத்துக்கு டைல்ஸ், அதற்கு மேலே பூச்சு ஒரு கீறல் இல்லை. படுக்கச் சாக்கு கிடையாது, பழைய நூல் சேலைதான். தினமும் வெந்நீரில் அலசித் தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், காயப் போட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை நாய்கள் வராது. ஆய்வாளர் சார் அன்றைக்கு டார்ச்சோடு உட்கார்ந்து கதவு நிலை, ஜன்னல் விளிம்பு எல்லாவற்றையும் பார்ப்பார். ஏதாவது கண்டால் மருந்தடிப்பார். முட்டை மருந்துக்கு அவ்வளவாக மசியாது என்பதால் இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் அடிப்பார்.

இதையெல்லாம்விட என்னைக் கட்டிப்போட்டது ஒரு நாற்பது பக்க நோட்டு. தினமும் காலையில் எந்த நாய், எத்தனை உண்ணி, எந்த இடத்தில் என்று எழுதி வைக்கிறார்கள். பெரும்பாலும் சைபர்தான். எட்டிலிருந்து இருபது நாள் என்றேனே, அந்த இருட்டுக்குள் அடிக்கிற ஒரே வெளிச்சம் அதுதான். நாளைக்கு ஒரு நாய்க்குக் காய்ச்சல் வந்தால் புரட்டிப் பார்க்க ஏதோ ஒன்று இருக்கும். நானூறு ரூபாய்க் கேமராவில் இது தெரியாது.

குறை இல்லாமல் இல்லை. ஏசி கிடையாது, மின்விசிறியும் ஈரத்தரையும்தான். ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்றால் நாலு நாள் பூட்டு, முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், ஆனால் பூட்டு பூட்டுதான். முதல் தீட்டு வந்தபோது மூன்று வாரம் மிளகைக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவைத் தென்காசியிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. பைபாஸில் அந்தக் கேள்வியே கேட்காமல் ஆண் நாய்களோடு விட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது கோபம் அடங்கிவிட்டது. பெரிய குறை, ஓட இடம் இல்லை. தட்டட்டியில் இருபதடி ஓடித் திரும்புவது கன்னிக்கு ஒரு ஓட்டமா? அதனால் விடியற்காலை ஐந்தரைக்கு நான் நீளக் கயிற்றோடு சைக்கிளில் போகிறேன், அவள் பக்கத்தில் ஓடி வருகிறாள். அவளுக்கு அது போதவில்லை, எனக்கு ஜாஸ்தி.

ராத்திரி தங்க இதுவரை எங்கேயும் விட்டதில்லை, ஆகவே அதைப் பற்றி என்னிடம் ஆலோசனை கேட்காதீர்கள். ஹஸ்கி, செயிண்ட் பெர்னார்ட் மாதிரி சடை நாய் வைத்திருக்கிறவர்களுக்கு நம்ம ஊர் வெயிலில் ஏசிதான் முதல் கணக்காக இருக்கலாம். என் கணக்கு குட்டை மயிர் நாட்டு நாய்க்காரனின் கணக்கு. தோப்பையும் முழுசாகத் தள்ளிவிடவில்லை. மோட்டார் ரூமைப் பூசி, சாக்கை எரித்து, வேலி போட்டால் முதல் ஆளாக நானே திரும்பிப் போவேன். சொல்லியும் வைத்திருக்கிறேன்.

போன திங்கட்கிழமை மறுபடியும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. மாத்திரை கொடுக்கிறோம், தினமும் சீவிவிடுகிறோம், அப்புறமும் எங்கிருந்து வருகிறது? அக்கா நோட்டைப் புரட்டிக் காட்டினார்கள். ஐந்து மாதத்தில் மிளகு பேருக்கு நேரே நான்கு தடவை எண் விழுந்திருந்தது. நான்கும் திங்கட்கிழமை.

“ஞாயித்துக்கிழம உங்க வீட்டுல எங்க படுப்பா தம்பி?”

மாடிப்படிக்கு அடியில். வளவு நாய்கள் எல்லாம் வெயிலுக்கு ஒதுங்குகிற அதே இடம். சுவரும் தரையும் சேர்கிற மூலையில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. நேற்று அரைச் சட்டி சிமெண்ட் குழைத்துப் பூசினேன். எதிர் வீட்டு ஆச்சி வாசலில் உட்கார்ந்து, கொத்தனாருக்குச் சொல்வது மாதிரி எனக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.