125 டன் ஸ்கிராப் பேலிங் மெஷின்: இரும்பு வேலை அருமை, ஆயில் வேலை சுமார்

பழைய தகடு, டின், அலுமினிய ஃபிரேம், வயர் என்று வந்து குவிகிற லைட் சரக்கையெல்லாம் அமுக்கிக் கட்டியாக்கும் ஹைட்ராலிக் பேலிங் மெஷின் ஒன்று எங்கள் யார்டில் ஓடுகிறது. 125 டன், மூன்று பக்க அழுத்தம், முடிந்த கட்டியைப் பக்கவாட்டில் புரட்டி வெளியே போடும் வகை. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த அளவில் வரும் மெஷின்கள் எல்லாம் அண்ணன் தம்பி ஜாடையில்தான் இருக்கின்றன, அதனால் இங்கே சொல்வதில் முக்கால்வாசி எந்தப் பெயர் ஒட்டிய மெஷினுக்கும் பொருந்தும். அவசரமாகப் படிப்பவர்களுக்கு: இரும்பு வேலையைக் குறை சொல்ல முடியாது, ஆயில் சமாச்சாரத்தில் கஞ்சத்தனம் செய்திருக்கிறார்கள், கேட்லாக்கில் போட்டிருக்கும் ஒரு மணி நேரக் கணக்கை நம்பவே நம்பாதீர்கள்.

முதலில் அந்த டன் கணக்கு. வாங்கப் போகிறவர்கள் வாயைத் திறந்ததும் கேட்பது "எத்தனை டன்?" என்றுதான், விற்பவரும் அதைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார். சிலிண்டரின் பரப்பை ஆயில் அழுத்தத்தால் பெருக்கினால் வருவது டன், அதற்கு மேல் அதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இந்த மெஷினில் மெயின் சிலிண்டரின் உள்விட்டம் 250 மி.மீ., பரப்பு சுமார் 491 சதுர செ.மீ., அழுத்தம் 250 பார் (ஒரு பார் என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 1.02 கிலோ). பெருக்கினால் 125 டன் சரியாக வருகிறது, அதில் பொய் இல்லை. ஆனால் அந்த 125 டன் எவ்வளவு பெரிய முகத்தின் மேல் விழுகிறது என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் மெஷினில் பேலின், அதாவது முடிந்த கட்டியின், முகம் 300-க்கு 300 மி.மீ., அதாவது 900 சதுர செ.மீ., ஆக ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 139 கிலோ அழுத்தம் கிடைக்கிறது. அதே 125 டன்னை 400-க்கு 400 முகத்தில் வைத்தால் வெறும் 78 கிலோ. 160 டன் மெஷினே ஆனாலும் 400 முகம் என்றால் 100 கிலோதான், பெரிய நம்பர் போட்ட மெஷின் சின்ன நம்பர் மெஷினைவிடத் தளர்வான கட்டியைத் தருவது இப்படித்தான். பெரிய பேல் பார்க்க ஜம்மென்று இருக்கும், கிரேன் வைத்து அடுக்கவும் வசதி, ஆனால் நடுவில் காற்று அடைத்துக்கொண்டிருந்தால் லாரி வாடகையில் பாதி அந்தக் காற்றுக்குத்தான் போகும்.

கட்டி எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்க ஓர் அளவுகோல் இருக்கிறது. முன்பு இஸ்ரி என்ற பெயரில் இயங்கிய அமெரிக்கப் பழைய உலோக வணிகச் சங்கத்தின் தர விவரத்தில், புதுத் தகடுக் கழிவைக் கட்டும் முதல் தரக் கட்டு கன அடிக்கு 75 பவுண்டுக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. நம் கணக்கில் கன மீட்டருக்குச் சுமார் 1,200 கிலோ. சுத்தமான இரும்பே 7,850 கிலோதான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் 1,200 என்பது ஒன்றும் பெரிய கஷ்டமில்லை. இந்த மெஷின் மெல்லிய தகட்டை அமுக்கி 2,000 வாக்கில் கொடுக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு முழுத் திருப்தி.

சரி, இப்போது ஒரு மணி நேரத்துக்கு எத்தனை டன் என்ற கதைக்கு வருவோம். கேட்லாக்கில் ஒரு சுற்றுக்கு 100 விநாடி, மணிக்கு 4 டன் என்று போட்டிருக்கிறது. எப்படி வந்தது இந்த 4 டன்? ஒரு மணி நேரத்தில் 36 சுற்று, ஒவ்வொன்றும் 110 கிலோ, பெருக்கிவிட்டார்கள். அந்த 100 விநாடி வெறும் பெட்டியில் ராம், அதாவது சரக்கை அமுக்கும் தள்ளுதண்டு, போய் வருகிற நேரம். சரக்கை அள்ளிப் போடுவது, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை உள்ளே தள்ளுவது, ஆபரேட்டர் எட்டிப் பார்ப்பது, கட்டியை அப்புறப்படுத்துவது, இதெல்லாம் யார் கணக்கில்? கையால் அள்ளிப் போட்டால் கேட்லாக் எண்ணில் பாதி வந்தாலே பெரிய விஷயம். கிராப் வைத்த கிரேன் ஒன்று இந்த மெஷினுக்கென்றே நின்றால் முக்கால் பங்கு வரை போகலாம். ஆக மெஷின் வாங்கப் பணம் ஒதுக்கும்போது, அதற்கு ஊட்டும் கைக்கும் ஒதுக்கிவிட்டுத்தான் மெஷின் அளவை முடிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் பெரிய பிரஸ் வாயைத் திறந்துகொண்டு காத்துக் கிடக்கும்.

மோட்டார் கணக்கும் இதே ரகம். பம்ப் நிமிடத்துக்கு 90 லிட்டர், அழுத்தம் 250 பார், மோட்டார் 22 கிலோவாட் என்று ஒரே பக்கத்தில் போட்டிருப்பார்கள். லிட்டரையும் பாரையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் வேண்டிய கிலோவாட் வந்துவிடும்: 37.5. அதுவும் பம்பின் இழப்பைச் சேர்க்காமல். இது மோசடி இல்லை. ராம் சும்மா நகர்ந்து வரும்வரை அதிக ஆயில் குறைந்த அழுத்தத்தில் போகிறது, சரக்கில் முட்டி அழுத்தம் ஏறியதும் ஆயில் அளவு குறைந்து ராம் மெதுவாகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருப்பதில்லை. 22 கிலோவாட்டில் 250 பாரில் நிமிடத்துக்கு 53 லிட்டருக்கு மேல் தள்ள முடியாது. ஆகவே நீங்கள் போடும் சரக்கு கனமாக இருந்து, ராம் பாதி வழியிலேயே முட்ட ஆரம்பித்தால், சுற்று நேரம் நீளத்தான் செய்யும். டெமோவில் எப்போதும் பஞ்சு மாதிரி இருக்கும் டின் சரக்கை ஏன் போடுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

குறை சொல்வதற்கு முன்னால் எனக்கு மிகவும் பிடித்த பாகத்தைச் சொல்லிவிடுகிறேன்: மூடியின் ஓரத்தில் இருக்கும் பிளேடு. பெட்டிக்கு வெளியே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டின் மேல் மூடி இறங்கும்போது முதலில் தகடு லேசாக வளைந்து மேலே எழும்பும், ஒரு நொடி மூடி தயங்குகிற மாதிரி இருக்கும், அழுத்தமானியின் முள் ஏறும், அப்புறம் ஒரு முனையிலிருந்து 'டப்' என்று வெட்டு தொடங்கி மறு முனைக்கு ஓடும். பிளேடைச் சற்றுச் சாய்வாகப் பொருத்தியிருப்பதால் முழு நீளமும் ஒரே நேரத்தில் வெட்டுவதில்லை, அதனால் தேவைப்படும் விசையும் குறைவு. நான்கு முனையும் வெட்டு முனை என்பதால் ஒன்று மழுங்கினால் போல்ட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டுவிடலாம். ஆனால் மேல் கீழ் பிளேடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து அவ்வப்போது பார்க்க வேண்டும். இடைவெளி கூடினால் மெல்லிய தகடு வெட்டுப்படாமல் மடங்கி நடுவில் சொருகிக்கொள்ளும், அப்புறம் மூடியைத் திறக்கவே ஒரு போராட்டம்.

எந்தச் சரக்குக்கு எப்படி என்றால், இரும்புத் தகடு வெட்டுத் துண்டுகளுக்கு இதைவிட நல்ல வேலை கேட்க முடியாது. செம்பு வயரும் அப்படியே, அடித்து வைத்த மாதிரி கட்டி வரும். அலுமினிய ஃபிரேமும் ஸ்டெயின்லெஸ் தகடும் அமுக்கிவிட்டதும் ஸ்பிரிங் போலக் கொஞ்சம் திரும்பி விரியும், அதற்கு முழு அழுத்தத்தில் சில விநாடி பிடித்து வைக்க வேண்டும். எங்கள் மெஷினில் அந்த நிறுத்த நேரத்தை பி.எல்.சி. என்ற மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் மாற்றிக்கொள்ள முடிகிறது, லீவர் வால்வ் வைத்த மலிவு மாடலில் ஆபரேட்டரின் பொறுமைதான் டைமர். லேத்தில் வரும் நீளச் சுருள் ஓரளவு பின்னிக்கொண்டு நிற்கும். வார்ப்பிரும்புத் தூளை மட்டும் இதில் போடாதீர்கள். கட்டி பிடிக்காது, புரட்டும்போதே உதிரும், போதாக்குறைக்கு ராமுக்கும் தரைத் தகட்டுக்கும் நடுவே புகுந்து லைனரை அரம் போட்டது போலத் தேய்க்கும். அதற்கு, தூளை அமுக்கி வில்லையாக்கும் பிரிக்கெட் மெஷின் என்று தனியாகவே இருக்கிறது.

லைனர் என்றதும் இன்னொன்று. பெட்டியின் உள் சுவரில் போட்டிருக்கும் தேய்மானத் தகடு போல்ட் போட்டதா, வெல்டு வைத்ததா என்று கேளுங்கள். ஹார்டாக்ஸ் (தேய்மானம் தாங்கும் கடினமான எஃகுத் தகடு) என்று சொல்லிவிட்டுச் சாதாரணத் தகடு போட்டிருக்கிறார்களா என்று கண்ணால் பார்த்துத் தெரியாது, கடினத்தன்மைச் சோதனைச் சீட்டு கேட்பதுதான் சுலபமான வழி. எங்களுடையது போல்ட் போட்டது, தேய்ந்த பாகத்தை மட்டும் மாற்ற முடிகிறது.

இனி மனக்குறை. ஆயில் சூடு. இந்த மெஷினில் ஆயில் கூலர் தனிக் கட்டணத்தில் வரும் ஆப்ஷன், அதை விற்பவர் வாயே திறந்து சொல்லவில்லை. காலையில் மெஷின் சுறுசுறுப்பாக ஓடும், மதியத்துக்கு மேல் அதே சரக்குக்கு ராம் மெதுவாக நகரும், கட்டியும் சற்றுத் தளர்வாக வரும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஆயில் தண்ணீர் மாதிரி மெலிகிறது, பம்புக்குள்ளும் வால்வுக்குள்ளும் கசிவு கூடுகிறது, கசிவு மறுபடி சூட்டைக் கூட்டுகிறது, சூட்டில் சீல்கள் கெட்டியாகி விரிசல் விடுகின்றன. வெயில் அதிகமான இடத்தில் விஜி 46-க்குப் பதில் அதைவிடக் கெட்டியான விஜி 68 ஆயில் ஊற்றினால் கொஞ்சம் தாங்கும், ஆனால் அது கூலருக்கு மாற்று இல்லை. சர்வீஸுக்கு வந்தவர், அழுத்தம் எல்லை தாண்டாமல் காக்கும் ரிலீஃப் வால்வைத் திருகி அழுத்தத்தை ஏற்றிவிட்டுப் போகலாம் என்றார். ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்துக்குக் கட்டி இறுகும், ஆனால் ஆயில் போகும் ஹோஸும் சிலிண்டர் வெல்டும் 250 பாருக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை. கடைசியில் ஃபேன் வைத்த கூலரை நாங்களே வாங்கிப் போட்டோம், அதன் இடுக்குகளில் தூசி அடைவதால் காற்றடித்துச் சுத்தம் செய்வதை ஆபரேட்டர் வேலையில் சேர்த்துவிட்டோம்.

ஃபில்டரும் அப்படித்தான். ஆயில் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் இருக்கும் ஃபில்டருக்கு அடைப்பு காட்டும் கருவி இல்லை. பம்ப் திடீரென்று சரளைக் கல்லை அரைப்பது போலச் சத்தம் போட்டால் பெரும்பாலும் உறிஞ்சும் பக்கம் அடைத்திருக்கிறது என்று அர்த்தம், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது.

கட்டி கட்டினால் விலை தானாகக் கூடிவிடும் என்று விற்பவர்கள் சொல்வது பாதி உண்மை. மெல்லிய தகடு தனித்தனியாக ஃபர்னஸில் விழுந்தால் உருகுவதற்குள் மேற்பரப்பெல்லாம் ஆக்சைடாகி எடை குறையும், கட்டியாகப் போனால் அந்த இழப்பு குறைவு, அதனால் ஆலைக்குக் கட்டி பிடிக்கும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கட்டி அவர்களுக்குத் தலைவலி. மோட்டார் சுருளோடு செம்பு கலந்து போய்விட்டால், உருக்கிய எஃகிலிருந்து அதைப் பிரிக்க நடைமுறையில் வழி இல்லை, சூட்டில் உருட்டும்போது மேற்பரப்பில் விரிசல் விழும். மழையில் நனைந்த சரக்கை அமுக்கினால் நடுவில் தண்ணீர் நிற்கும், அது உருகிய உலோகத்துக்குள் போனால் 1,600 மடங்குக்கு மேல் விரிந்து ஆவியாகும், ஃபர்னஸ் பக்கத்தில் நிற்பவர் கதி என்ன? அதனால்தான் கட்டியை உடைத்துப் பார்த்துவிட்டு விலை பேசுகிறார்கள். ரகம் பிரிக்காமல் அமுக்குபவருக்கு இந்த மெஷின் விலையைக் கூட்டாது, குறைக்கும்.

ஆபத்து விஷயத்தில் கட்டளை போலச் சொல்கிறேன். மூடிய கேஸ் சிலிண்டர், வண்டியின் ஷாக் அப்சார்பர், ஸ்ப்ரே டின், பெட்ரோல் டேங்க் எதுவும் பெட்டிக்குள் போகக் கூடாது. இப்போது இன்னொரு வில்லனும் சேர்ந்திருக்கிறது: பழைய மின்சாதனங்களுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் லித்தியம் பேட்டரி. அமுக்கியதும் உள்ளே ஷார்ட் ஆகி, கட்டி வெளியே வந்து அடுக்கிய பிறகுகூடப் பற்றிக்கொள்ளும். ஹோஸில் ஊசித் துளைக் கசிவு தெரிந்தால் விரலை வைத்துத் தேடாதீர்கள், அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. எங்கள் மெஷினில் அவசர நிறுத்தப் பொத்தான் ஆபரேட்டர் பலகையில் மட்டும்தான் இருந்தது, சரக்குப் போடும் பக்கம் நிற்பவருக்கு எட்டாது. அங்கே ஒன்றைக் கூடுதலாக வைக்கச் சொல்லி ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

சர்வீஸ் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, போன் எடுக்கிறார்கள், ஆள் வரத் தாமதமாகிறது. சீல் கிட் ஒரு செட்டும், நீளமான ஹோஸ் இரண்டும், வால்வை மின்சாரத்தால் இயக்கும் சொலினாய்டு காயில் ஒன்றும் கையிருப்பில் இருந்தால் பெரும்பாலான நாள் அவர்களைக் கூப்பிடத் தேவையிருக்காது.

தகடு, டின், வயர் அதிகம் வரும் நடுத்தர யார்டுக்கு இந்த மெஷினைத் தாராளமாகச் சொல்வேன், வார்ப்பிரும்புத் தூளை நம்பிப் பிழைப்பவருக்குச் சொல்ல மாட்டேன். வாங்கத் துணிந்தால் டெமோவுக்கு உங்கள் சரக்கையே ஒரு வண்டி கொண்டுபோய், இரண்டு மணி நேரமாவது விடாமல் ஓட்டச் சொல்லி, முதல் கட்டியையும் கடைசிக் கட்டியையும் எடை போட்டு அளந்து பாருங்கள். கடைசிக் கட்டி தளர்ந்திருந்தால் ஆயில் டேங்கில் இருக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு விலை பேச உட்காருங்கள், டேங்கில் தெர்மாமீட்டரே இல்லையென்றால் கூலரையும் சேர்த்துப் பேசுங்கள்.