உவர்மலைத் தேர்தல் செயலமர்வு: மதியத்துக்காகவாவது போய் வரலாம்

மாறிவரும் நாடுகளில் தேர்தலும் சிறுபான்மையினர் உரிமையும் என்ற தலைப்பில் அண்மையில் திருகோணமலை உவர்மலையில் ஒரு நாள் செயலமர்வு நடந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு தொண்டு நிறுவனம் நடத்தியது. பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் கீழே குறைகளும் வருகின்றன. கட்டணம் கிடையாது. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கமிருந்து வந்தவர்களுக்குப் பஸ் காசும் கொடுத்தார்கள். இதையே மற்ற இடங்களிலும் நடத்தப் போகிறார்களாம். போவதா விடுவதா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. தேர்தல் கடமைக்கும் போயிருக்கிறேன். பெட்டிக்கு முத்திரை வைப்பதும், முகவர்கள் சண்டை பிடிக்காமல் பார்ப்பதும், இடது கைச் சின்ன விரலில் மை பூசுவதும் எனக்குப் புதிதல்ல. அதனால் கொஞ்சம் கறாராகத்தான் பார்த்தேன்.

காலை அமர்வு சுமார்தான். திரையில் பெரிய பெரிய சொற்கள், கீழே கைகோர்த்து நிற்கும் மனிதர்களின் படம். 1931 இலேயே இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது என்பதை மூன்று பேர் மூன்று தடவை சொன்னார்கள். இந்த மண்டபத்தில் அது தெரியாதவர் யார்? சிங்கள உரைபெயர்ப்புக்குக் கொடுத்த காதுக் கருவிகளில் சில பாதியிலேயே பற்றரி செத்துவிட, சேருவிலப் பக்கமிருந்து வந்த இரண்டு பேர் பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் சமாளித்தார்கள். மின்விசிறிகளும் ஒரு பக்கத்தில் மட்டும்தான் சுற்றின.

தேநீருக்குப் பிறகு மியன்மார் பற்றிப் பேச ஓர் இளம் சட்டத்தரணி வந்தார். அவர் வாயைத் திறந்த பிறகுதான் நான் குறிப்புக் கொப்பியை எடுத்தேன். 2008 அரசியலமைப்பின்படி அங்கே நாடாளுமன்ற ஆசனங்களில் 25 சதவீதம் இராணுவத்துக்கு. அரசியலமைப்பைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் ஆதரவு வேண்டும். "சீருடைக்காரரில் ஒருத்தராவது கை தூக்காமல் ஒரு வரியும் மாறாது" என்று பலகையில் கணக்காகவே போட்டுக் காட்டினார். 2015 இல் ஆங் சான் சூகியின் கட்சி அமோகமாக வென்றும் இந்தக் கணக்கை அசைக்க முடியவில்லை. 2020 நவம்பரில் மறுபடியும் வென்றது. 2021 பெப்ரவரி 1 ஆம் திகதி இராணுவம் ஆட்சியையே பிடித்துக்கொண்டது.

அடுத்து ரோஹிஞ்சாக்கள், அங்குள்ள முஸ்லிம் சிறுபான்மையினர். 2010 தேர்தலில் வெள்ளை அட்டை என்ற தற்காலிக அட்டையோடு வாக்களித்தவர்கள் அவர்கள். 2015 இல் அந்த அட்டை செல்லாது என்று அறிவித்தார்கள். உலகமே பாராட்டிய அந்த வருடத்துத் தேர்தலில் அவர்களுக்கு வாக்கில்லை. 1982 குடியுரிமைச் சட்டம் ஏற்கெனவே அவர்களை வெளியே தள்ளியிருந்தது. இதைக் கேட்டதும் பின்வரிசையில் இருந்து தம்பலகாமம் பக்கத்து ஐயா ஒருவர் எழும்பினார். "பிள்ளை, பர்மாவுக்கு ஏன் போறீங்க? எங்கட அப்பா தோட்டத்தில இருந்து 47 இல வாக்குப் போட்டவர். 52 தேர்தலுக்கு அவரிட பேர் இடாப்பில இல்ல" என்றார். தோட்டத் தமிழரில் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்கையும் பறித்த 1948 குடியுரிமைச் சட்டத்தையும் அதற்கு அடுத்த வருடத்துத் தேர்தல் சட்டத் திருத்தத்தையும் சட்டத்தரணி உடனே எடுத்து, இரண்டு நாட்டுச் சட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டார். தயாரித்து வந்த திரைக்காட்சியை அப்படியே நிறுத்திவிட்டு இதைச் செய்ததற்காகவே அவருக்கு முழுப் புள்ளி.

நேபாளத்துக்குக் கிடைத்தது அரை மணித்தியாலம். 275 ஆசனங்களில் 165 நேரடித் தொகுதி, 110 விகிதாசாரம். அந்த விகிதாசாரப் பட்டியலில் தலித், மதேசி (தெற்குச் சமவெளி மக்கள்), தாரு, முஸ்லிம் என்று ஒவ்வொரு சமூகத்தினருக்கும் இடம் ஒதுக்கவேண்டும். 2015 இல் அரசியலமைப்பு வந்தபோது மதேசிகள் ஏன் வீதிக்கு இறங்கினார்கள் என்ற முக்கியமான இடத்தில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

சாப்பாட்டைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பாரை மீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், பருப்பு, அப்பளம். மரக்கறிக்காரருக்கு வேறு மேசை. கணவாய் மட்டும் முதல் வரிசையோடு முடிந்துவிட்டது.

மதிய அமர்வுதான் சரக்கு. எல்லோரையும் நான்கு கட்சிகளாகப் பிரித்து, திருகோணமலைக்கு இருப்பது போலவே நான்கு ஆசனங்கள் கொடுத்து, எண்ணச் சொன்னார்கள். நம் முறை இப்படி: 5 சதவீதம் எடுக்காத கட்சி முதலிலேயே வெளியே. அதிக வாக்கு எடுத்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மீதி மூன்றுக்கு, வெளியே போகாத எல்லாக் கட்சிகளின் வாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்து, ஒவ்வொரு கட்சியின் வாக்கிலும் அந்த எண் எத்தனை தடவை போகிறதோ அத்தனை ஆசனம். அப்புறமும் ஆசனம் இருந்தால் பெரிய மீதி வைத்திருப்பவருக்கு.

நூறு வாக்கில் முதல் கட்சிக்கு 35, இரண்டாவதுக்கு 25, மூன்றாவதுக்கு 21, எங்கள் மேசைக்கு 19. முதல் கட்சிக்கு இரண்டு ஆசனம், அடுத்த இரண்டுக்கும் ஒவ்வொன்று, எங்களுக்குப் பூச்சியம். பிறகு எங்களையும் 21 காரரையும் ஒரே சின்னத்தில் கேட்கச் சொன்னார்கள். நாற்பதாகிவிட்டோம். போனஸ் எங்கள் பக்கம் வந்தது, எங்களுக்கு இரண்டு, 35 காரருக்கு ஒன்றுதான். ஒரு வாக்காளர்கூட மனம் மாறவில்லை! கிண்ணியாத் தம்பி ஒருவர் கல்குலேட்டரை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா ரீச்சர் ஒவ்வொரு தேர்தலுக்கும் கூட்டணி கூட்டணி எண்டு அடிபடுறாங்க?" என்றார். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று யாருக்கும் பாதிக்கு மேல் இல்லாத மாவட்டம் இது. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக் கட்சிக்கு ஒன்று என்று முடிவு வந்த விதம் அந்தப் பிள்ளைகளுக்கு அன்றுதான் பிடிபட்டது. இத்தனை வருடம் பள்ளியில் வகுத்தல் சொல்லிக்கொடுத்த நான் இந்த உதாரணத்தை ஏன் எடுக்கவில்லையோ!

2024 ஜனாதிபதித் தேர்தல் பற்றிய சிறு பயிற்சியும் உண்டு. இலங்கையில் முதல் தடவையாக இரண்டாவது விருப்பு (வாக்காளர் சீட்டில் இரண்டாவதாகக் குறிப்பவர்) எண்ணப்பட்டதும், அநுர குமார திசாநாயக்க 5,634,915 இலிருந்து 5,740,179 க்குப் போனதும் எல்லோருக்கும் தெரிந்திருக்கலாம். நிராகரிக்கப்பட்ட வாக்குகளே சுமார் மூன்று லட்சம் என்பது பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. மாதிரிச் சீட்டில் நாங்கள் போட்டவற்றிலும் சில செல்லாமல் போயின.

என் பெரிய குறை கடைசி அரை மணித்தியாலம் பற்றியது. மூதூரிலிருந்து வந்த பெண் ஒருவர் எழும்பி, கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாக 2012 செப்டம்பரில் வாக்களித்தோம், 2017 இல் அதன் காலமும் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை, இதை எந்த நாட்டு உதாரணத்தோடு ஒப்பிடுவது என்று கேட்டார். அன்றைய நாளின் நல்ல கேள்வி அது. 2017 இல் தேர்தல் முறையை மாற்றி, தொகுதி எல்லை நிர்ணயத்தில் சிக்கிய கதையை ஐந்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். நேரமில்லை என்று சொல்லிவிட்டுச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். குழுப்படம் எடுக்க மட்டும் தாராளமாக நேரம் இருந்தது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். காலைப் பகுதியைக் குறைத்து நேபாளத்துக்கும் மாகாண சபைக்கும் கொடுத்தால் நாலரை. போகிறவர்கள் கல்குலேட்டர் கொண்டு போங்கள், கைபேசியைப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள். பஸ் காசுக்கு அடையாள அட்டைப் பிரதி கேட்பார்கள். மண்டபத்து வாசலில் படிகள் உயரம், முழங்கால் வலிக்காரர் பக்கக் கதவைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள், திறப்பு காவலாளியிடம் இருக்கிறது.