ஜியோநேம்ஸ்: காரைக்குடிக்கு ஒரே எண்

எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருந்த பேரேடுகளையும் இசைகுடிமானங்களையும் (எங்கள் திருமண ஒப்பந்த ஏடுகள்) ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். ஐயா (தாத்தா) 1942இல் ரங்கூனிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். கடைக் கணக்கு முழுக்க அங்கேயே போயிற்று. எதையும் ஒரே இடத்தில் வைக்காதே என்று அப்பச்சி (அப்பா) ஓயாமல் சொல்வது அதனால்தான்.

நாலு சின்னக் கணினிகள்: காரைக்குடிக் கடையில் ஒன்று, அதே ஊர்ச் செக்காலையில் அண்ணன் வீட்டில் ஒன்று, சென்னையில் மகளிடம், பினாங்கில் மச்சானிடம். கராஜ் என்ற திறமூல மென்பொருள் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று பிரதி எடுத்து, முடிந்தவரை வெவ்வேறு மண்டலங்களில் வைக்கும். ஒன்றாக நின்றுபோகக்கூடிய கணினிகள் எல்லாம் ஒரே மண்டலம். எந்தக் கணினி எந்த மண்டலம் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

ஊரை வைத்து மண்டலம் பிரிக்க, முதலில் காசு கொடுத்து ஓர் ஊர்ப் பட்டியல் வாங்கினேன். அதில் ஆங்கிலத்தில் ஒரு 'கே' போட்ட காரைக்குடி, இரண்டு 'கே' போட்ட காரைக்குடி என இரண்டு ஊர்! கடைக் கணினிக்கு ஒன்றும் அண்ணன் வீட்டுக்கு மற்றொன்றும் விழுந்தன. மழையில் ஊரே இருண்ட ஒரு ராத்திரி இரண்டும் ஒன்றாக நின்றன. மூன்று பிரதியில் குறைந்தது இரண்டு பதில் சொன்னால்தான் கராஜ் கோப்பைத் திறக்கும். பல ஏடுகள் திறக்கவில்லை. அன்றைக்குத் தூக்கம் இல்லை.

பிறகுதான் உலக ஊர்ப் பெயர்களின் தரவுத்தளமான ஜியோநேம்ஸுக்கு வந்தேன். இலவசம், ஜியோநேம்ஸிலிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டால் போதும். டேப் குறியால் பிரித்த 19 நெடுவரிசைகள் கொண்ட எளிய உரைக்கோப்பு. ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண். எப்படி எழுதினாலும் எண் மாறாது. மாற்றுப் பெயர் நெடுவரிசையில் தமிழிலேயே தேடலாம். மாநிலம், மாவட்டம் வாரியாகக் குறியீடும் உண்டு, தமிழ்நாட்டுக்கு 25. எனக்கு இதுதான் பெரிய உதவி. ஊர் எண்ணை மட்டும் மண்டலமாக வைத்தால் நாளைக்குக் கானாடுகாத்தான் வீட்டில் வைக்கும் கணினி தனி மண்டலமாகிவிடும். மின்சாரம் போனால் காரைக்குடியும் கானாடுகாத்தானும் சேர்ந்தே போகும். அதனால் மாவட்டத்தையே மண்டலமாக வைத்தேன்.

ஐ.நா.வின் இடக் குறியீடான லோகோடையும் பார்த்தேன். சென்னைக்கு ஐஎன்எம்ஏஏ, பினாங்குக்கு எம்ஒய்பிஈஎன் என்று அழகாக ஐந்தெழுத்து. ஆனால் அது சரக்குப் போக்குவரத்துக்காகப் பிறந்தது, நம் கிராமங்களுக்காக இல்லை. பின்கோடும் சரிவராது, அது தபால் பிரிக்க 1972இல் வந்த எண், ஒரே எண்ணுக்குள் பல ஊர் அடங்கும்.

ஒரு எச்சரிக்கை: ஜியோநேம்ஸை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். அட்சரேகை, தீர்க்கரேகையை வரைபடத்தில் ஒருமுறை சரிபார்த்துவிட்டே எடுங்கள். காரைக்குடி 10.07, 78.78 பக்கம் வரவேண்டும்.

போன ஞாயிறு கடையையும் செக்காலையையும் நானே அணைத்துப் பார்த்தேன். சென்னையும் பினாங்கும் சேர்ந்து ஆயாவின் (பாட்டியின்) இசைகுடிமானத்தைத் திறந்து காட்டின.