மே மாத அஸ்தமனம்: சேலம் மொட்டை மாடியா, ஏற்காடா?

மே மாதம் இங்கே சூரியன் மறைவது மாலை 6.35 வாக்கில். என் ஓட்டு ஏற்காட்டுக்குத்தான், வானம் தெளிவாக இருந்தால்.

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். சேலம் 300-க்கும் கீழே. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும். அதனால் கீழே 38 டிகிரி கொதிக்கும்போது மேலே 30 பக்கம்தான் இருக்கும். ஏற்காட்டின் லேடிஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் மலைப்பாதை வளைவுகளில் வண்டி விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவது தெரியும். நல்ல தெளிவான நாளில் தூரத்தில் மேட்டூர் நீர்த்தேக்கம்கூடத் தகடு மாதிரி மின்னும். ஆனால் பகல் வெக்கையில் மேலெழும் காற்று மலையில் மோதி, சாயங்காலத்துக்குள் கருமேகமாகத் திரண்டுவிடுவதும் உண்டு. அப்புறம் அஸ்தமனம் எங்கே, இடியும் மழையும்தான். அதுவும் அழகுதான் என்பேன்.

சேலத்து மாடியில் இருட்டிய பிறகும் தரை காலைச் சுடும்; பகலெல்லாம் வாங்கிய வெயிலை கான்கிரீட் மெதுவாகத்தான் விடும். தூசிக்குள் சூரியன் செக்கச்செவேலென்று இறங்கும். கீழே வந்தால் தெருமுனையில் தட்டுவடை செட், காரச் சட்னியும் துருவிய பீட்ரூட்டும் வைத்து.

வேலை நாள் என்றால் மாடியே போதும். மதியமே ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலை முகட்டில் மேகம் ஏறிவிட்டால் மலைப் பயணத்தை மறுநாளுக்குத் தள்ளிவிடுங்கள்.